பத்துக்கு மூன்று

"ஆளு சிக்கிட்டாம்லே," என்றான் தமிழ்செல்வன். லேப்டாப்பை இசக்கிதுரையின் மூக்குக்கு நேரே திருப்பினான்.

திரையில் ஒரே ஒரு எண். பூஜ்யம்.

தாராவியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து நடத்தும் ராக் குழுவின் பெயர் "தொண்ணூறடி", அங்குள்ள சாலையின் பெயர்தான். இசக்கிதுரை கிடாரும் பாட்டும், தமிழ்செல்வன் டிரம்ஸ். முதல் ஆல்பமான "தண்ணி வரும் நேரம்" வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும்.

வெளியாகும் முன்பே விமர்சகருக்கு மட்டும் ஒரு ரகசிய லிங்க் அனுப்புவது இந்தத் தொழிலின் வழக்கம். அந்த லிங்க்கை எத்தனை முறை திறந்து பாட்டைக் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை அனுப்பியவருக்குத் தெரியும். இது பல விமர்சகர்களுக்குத் தெரியாது.

"காலைல விமர்சனம் போட்டுட்டான். பத்துக்கு மூணு. ஆனா லிங்க்க ஒரு வாட்டி கூடத் தொறக்கல. பக்கா சபூத்து. இதவிட ஆதாரம் வேணுமா?"

விமர்சகரின் பெயர் ஜீரோ டெசிபல். புனைபெயர்தான். பெரிய கம்பெனி இல்லாமல் சொந்தமாக வெளிவரும் மும்பையின் இண்டி ஆல்பங்களுக்கெல்லாம் ஓர் இணைய இதழில் மதிப்பெண் போடுகிறவர், முகத்தை யாரும் பார்த்ததில்லை. இதுவரை அவரிடம் ஆறு மதிப்பெண் வாங்கிய குழுக்கள் இரண்டு. இரண்டும் அந்த மகிழ்ச்சியிலேயே கலைந்துபோயின.

"வீட்டுக்கே போயிருவோமா?" என்றான் தமிழ்செல்வன்.

"வீடு எங்கன்னு யாருக்குத் தெரியும்? பாந்த்ராவுல ஏசி ரூம்ல கெடப்பான். தாராவிய மேப்புலதான் பாத்திருப்பான்."

மூன்று மதிப்பெண் வெறும் மானப் பிரச்சினை அல்ல. டிசம்பரில் பூனாவில் நடக்கும் விழாவில் இவர்களுக்கு ஒரு மேடை இருந்தது. மதியம் விழாக்காரர்கள் செய்தி அனுப்பினார்கள்: ஐந்து மணிக்கும் அந்த விமர்சனம் அப்படியே இருந்தால் மேடை வேறு குழுவுக்கு.

மேடை போனால் திங்கட்கிழமை டோம்பிவிலி கூரியர் ஆபீசில் சேர்வதாக இசக்கிதுரை அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அப்பா சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

மணி நாலே முக்கால்.

"இதக் கேளு," என்று இசக்கிதுரை ஆங்கில விமர்சனத்தைத் தமிழில் சொன்னான். "அஞ்சாவது பாட்டுல டிரம்மர் ஒவ்வொரு முறையும் அரைத் தட்டு பிந்துகிறார்."

"ஆல்பத்துல எங்கல பிந்துச்சு? அதத்தான் ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டர்ல வச்சு நேராக்கிட்டான்லா? கேக்காமலே குத்துமதிப்பா அடிச்சு விட்டுருக்கான்."

"குத்துமதிப்பா சொன்னவனுக்கே ஒன்னப் பத்தி இவ்வளவு தெரிஞ்சிருக்கு பாரு."

தமிழ்செல்வன் கோபத்தில் தரையை உதைத்தான். இவர்கள் தினமும் பகலில் ஒத்திகை பார்க்கும் அந்த மாடியறைக்குப் பலகைத் தரை, அறையே அதிர்ந்தது. உடனே கீழிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் மூன்று இடி.

"மெதுவாலே. மாரீஸ்வரி முழிச்சிட்டா."

கீழ்வீட்டு மாரீஸ்வரிக்கு மலாடு கால் சென்டரில் இரவு வேலை. பகலில் தூங்குவதாகத்தான் ஏற்பாடு.

இசக்கிதுரை இதழின் ஆசிரியர் சாதனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மாட்டுங்காவில் வளர்ந்தவர், தமிழிலேயே பேசினார்.

"நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட் பார்த்தேன். ஜீரோன்னுதான் காட்டறது. கேக்காம எழுதியிருந்தா ரிவ்யூவ இந்த நிமிஷமே தூக்கிடறேன். ஜீரோ டெசிபல் இனிமே எங்களுக்கு எழுதவும் முடியாது."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"இருங்கோ. அந்தப் பக்கமும் ஒரு வார்த்தை கேக்கணும் இல்லையா? இதுவரைக்கும் மெயில்லதான் பழக்கம், குரலே கேட்டதில்ல. நம்பர் இருக்கு, கான்ஃபரன்ஸ்ல போடறேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்படாது."

இசக்கிதுரையின் திரையில் விழாக்காரர்களின் அடுத்த செய்தி வந்து விழுந்தது. இன்னும் ஐந்து நிமிடம்.

"டோம்பிவிலி கேன்சல்," என்று தமிழ்செல்வன் அவன் காதில் கிசுகிசுத்தான். இசக்கிதுரை அவன் வாயைப் பொத்தினான்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஒரு நொடி தள்ளி இன்னொரு மணி அடித்தது. அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

இசக்கிதுரை தன் காலடியைப் பார்த்தான். பலகைக்குக் கீழே ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டான். நாட்டில் எல்லாரிடமும் போன் இருக்கிறது.

கீழே மணி நின்றது. ஸ்பீக்கரிலும் நின்றது.

"ஹலோ," என்றது தூக்கம் கலையாத ஒரு பெண் குரல், இரண்டு இடத்திலிருந்தும்.

தமிழ்செல்வன் மெல்ல இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான்.

சாதனா சுற்றி வளைக்கவில்லை. "தண்ணி வரும் நேரம் ஆல்பத்த நீங்க கேக்காமலே எழுதிட்டதா கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. லிங்க்கத் தொறக்கவே இல்லைங்கறதுக்கு ப்ரூஃபும் இருக்கு. என்ன சொல்றேள்?"

ஒரு நீண்ட கொட்டாவி கேட்டது. அதுவும் இரண்டு இடத்திலிருந்து.

"லிங்க் எதுக்கு மேடம்? நான் அந்த ஆல்பத்துக்குக் கீழதான் குடியிருக்கேன்."