பெரியவர் சம்மதம்

"கையை விடுப்பா. ஒரே நிமிஷம்."

முனிராஜ் கட்டிலருகே மண்டியிட்டு, அப்பாவின் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். வலது கை பக்கவாதத்தில் போய் மூன்று வருடமாகிறது. இன்று இந்தக் கையும் பிரிய மறுத்தது. வெங்கடசாமியின் பிடிவாதம் விரல் வரைக்கும் இறங்கியிருந்தது.

கூடத்தில் ஃபைனான்ஸ் மூர்த்தி காபியை உறிஞ்சினான்.

"என்னண்ணா, 'மூணு வட்டிக்கு உன்கிட்ட எவன் வருவான், நான் பேங்க்ல வாங்கிக்கறேன்'னு நேத்து அந்தப் பேச்சுப் பேசினீங்க. காலையில ஆறு மணிக்கு நீங்களே போன் பண்றீங்க!"

"பேங்க்ல எடத்துக்காரரு நேர்ல வந்து ரேகை வெக்கணுங்கறாங்க மூர்த்தி. இவரை எப்பிடித் தூக்கிட்டுப் போறது?"

"நம்மகிட்ட அந்தத் தொல்லையே இல்லண்ணா. ஆளு வேணாம், ரேகை போதும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

முனிராஜின் லேத் பட்டறை ஓடும் ஷெட் விலைக்கு வந்திருந்தது. ஆறு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. புதன்கிழமைக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்தப் பணமும் போகும், பட்டறையும் தெருவுக்கு வரும். ஷெட்டை வாங்கிக்கொள்ள ஒரு பெங்களூர் பார்ட்டி தயாராக இருந்தது. அடமானம் வைக்க இருப்பதெல்லாம் ராயக்கோட்டை ரோட்டில் அப்பா பெயரிலுள்ள மனை ஒன்றுதான்.

நேற்று ராத்திரி வெங்கடசாமி கறாராகச் சொல்லிவிட்டார். "வட்டிக்காரனுக்கு நான் ரேகை வெக்கமாட்டேன். திங்கக்கிழமை ஆம்புலன்ஸ் வெச்சாவது என்னைப் பேங்குக்குத் தூக்கிட்டுப் போடா."

இன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூர்த்தி அறைப்பக்கம் எட்டிப் பார்த்தான். நிலைப்படியை மறித்தபடி சம்பங்கி நின்றிருந்தாள். முந்தானையின் பாதி வாய்க்குள் இருந்தது.

"அண்ணி கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குதே?"

"உங்கிட்ட வாங்கறது அவளுக்கும் பிடிக்கல. விடியக்காலத்துல இருந்து ஒரே சண்டை" என்றான் முனிராஜ் உள்ளேயிருந்து.

"பெரியவரு?"

"ராத்திரி பூரா இருமல். சத்தம் போடாத."

ஆறு தாள்களிலும் கட்டைவிரலை அழுத்தி எடுத்துக்கொண்டு வந்தான். மூர்த்தி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வயசானவங்க ரேகைன்னா இழுத்துக்கும், கலைஞ்சிரும். இது அச்சடிச்ச மாதிரி இருக்குதுண்ணா. கொஞ்சங்கூட நடுக்கமே இல்ல."

செல்போனைத் தட்டினான். பணம் ஏறிய செய்தியோடு முனிராஜின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு மூர்த்தி கிளம்பினான். அவன் புல்லட் சத்தம் தெருமுனை தாண்டித் தேயும்வரை யாரும் அசையவில்லை.

முனிராஜ் கதவைத் தாழிட்டான். தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து, அப்பாவின் விரலிலிருந்த மையைத் துடைக்க உட்கார்ந்தான்.

சம்பங்கி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இப்ப அழலாமாங்க?"