ஆண் வரிகள்

கரோக்கி செயலியில் ஜோடிப் பாட்டின் பெண் வரிகளை மட்டும் பாடிப் பதிந்து வைப்பாள் ரூபி. ஆண் வரிகளை முகம் தெரியாத யாராவது வந்து பாடிச் சேர்ப்பார்கள்.

"எங்கூட ஒரு பாட்டாவது பாடுங்களேன்" என்று கணவர் ஜெபசிங்கிடம் கேட்பாள்.

"அம்பத்தெட்டு வயசுல டூயட்டா? ஊரு சிரிக்கும்ட்டி."

அவளை அடக்கம் செய்த பதினோராம் நாள் காலை, யாரும் சேராத ஒரு பாட்டை அவளுடைய போனில் ஜெபசிங் கண்டுபிடித்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். திரையில் ரூபி முதல் வரிகளைப் பாடிவிட்டு, ஆண் குரலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். அவர் வாய் திறக்குமுன் அந்த இடைவெளியில், பதிவுக்குள்ளேயே, பக்கத்து அறையிலிருந்து அவருடைய குரலே கேட்டது.

"சத்தத்தக் கொற, நியூஸ் ஓடுதுல்லா!"

ரூபி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மீதிப் பாட்டை முணுமுணுப்பாகப் பாடினாள். ஒலியைக் கடைசிவரை கூட்டியும் ஜெபசிங்குக்குப் போதவில்லை.