ஏழாவது கோடு

“ஏழாம் நம்பர் எழுந்தாச்சும்மா. இப்ப நடக்கறாரு,” என்றார் சிஸ்டர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா நுனிக்கு நகர்ந்து திரையை நோக்கிக் குனிந்தார்.

பன்னிரண்டு பச்சைக் கோடுகள். இதய வார்டின் பன்னிரண்டு படுக்கைகள். மற்ற பதினொன்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஏழாவது கோட்டின் ஓரத்தில் துடிப்பு தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது.

“நடந்தா ஒயரு இழுக்காதா?”

சிஸ்டருக்கு மிகவும் பிடித்த கேள்வி.

போன மாதம் வரை இழுத்தது. மார்பில் ஒட்டிய ஐந்து ஒயர்களும் கட்டிலோரப் பெட்டிக்குப் போகும். ஆளைக் கட்டிப்போட்ட மாதிரிதான். கழிவறைக்குப் போகக்கூட ஒருவர் வந்து கழற்றிவிட வேண்டும்.

பொறுமை இல்லாதவர்கள் தாங்களே கழற்றிவிடுவார்கள். இங்கே கோடு படுத்துவிடும், அலாரம் அலறும். சிஸ்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால், ஆள் சாவகாசமாகப் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

இப்போது சட்டைப் பையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

கூரையில் அங்கங்கே அதன் சிக்னலை வாங்கும் வெள்ளைத் தட்டுகள். மாடிப்படியிலும் உண்டு, தோட்டத்து விளக்குக் கம்பத்திலும் உண்டு. ஒரு தட்டின் எல்லை முடியுமுன் அடுத்தது பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆள் எங்கே இருக்கிறார் என்று திரையின் மூலையில் எழுத்தும் வரும்.

ஏணியில் நின்று அவற்றை மாட்டிய நெட்வொர்க் ஆள் விளக்கியபோது சிஸ்டர் பாதிதான் நம்பினார். இப்போது யார் வந்தாலும் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார்.

மூலையில் எழுத்து மாறியது. மூன்றாம் மாடிப் படி.

“படின்னா ரெண்டு ரெண்டாத் தாவுவான்,” என்று அம்மா சிரித்தார்.

ஏழாம் எண் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவார். அது சிஸ்டருக்குத் தெரியும்.

தோட்டம்.

மூன்று மாடிகள், அத்தனை சுவர்கள். நடுவே ஒரு நூல்கூட இல்லை. கோடு ஓரிடத்திலும் அறுபடவில்லை.

தொண்ணூற்றேழு. நூறு. நூற்றுநான்கு.

அம்மாவின் முகம் மாறியது. “ஏறுதே சிஸ்டர்!”

“ஏறணும்மா. நடந்தா ஏறணும். நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

அம்மாவின் ஆள்காட்டி விரல் மேசையைத் தட்டத் தொடங்கியது. கோடு எழும்போதெல்லாம் ஒரு தட்டு. சிஸ்டர் கவனித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

லிஃப்ட் நினைத்ததைவிடச் சீக்கிரம் திறந்துகொண்டது.

முகக்கவசம் போட்ட ஒருவர் மெல்ல வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். திரையில் கோட்டைப் பார்க்க மட்டும்தான் பெரிய டாக்டர் அம்மாவை அனுமதித்திருந்தார். பெயர் கூடாது, முகம் கூடாது.

“கீழ நல்ல காத்து சிஸ்டர்,” என்றபடி அவர் கடந்து போனார்.

அம்மா திரும்பவில்லை. விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

மனைவிதான் நின்றார். கணவர் நடந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு எல்லோரிடமும் பேச வேண்டும் போலிருந்தது.

“உங்களுக்கும் இங்க யாராச்சும் இருக்காங்களா?”

“என் பையன்.”

“கவலப்படாதீங்க. அவனும் சீக்கிரம் எழுந்து நடந்துடுவான்.”

“நடந்துட்டான்,” என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மனைவி சிரித்துத் தலையசைத்துவிட்டு ஏழாம் எண் படுக்கைக்குப் போனார்.

மூன்று வாரத்துக்கு முன், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் இதயத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரிடம்தான் பேசினோம் என்று அவருக்குத் தெரியாது.