தொடர்புக்கு: துசாந்தினி

நண்டுகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் எமிலின் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் தொடர்புக்கென்று சஞ்சிகை அச்சிட்டிருந்தது, கூட எழுதிய துசாந்தினியின் மின்னஞ்சல் முகவரியை.

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய கையோடு பேசாலைக் கடலில் ஒரு வருடம் நண்டு அளந்தவன் எமில். பாராட்டெல்லாம் அவளுக்கு வந்தது. சிங்கப்பூரில் இருந்து ஒன்று, கனடாவில் இருந்து இரண்டு. எமிலுக்கு வயிறு எரிந்தது.

"சேர், நோர்வேயில இருந்து ஒரு கடிதம். இது உங்களை..."

"உமக்கு வந்ததை நீரே வாசியும்."

மறுநாளும் வந்தாள். அவன் கதிரையைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் அவள் கடிதத்தை அச்செடுத்து வந்து, நின்றபடியே சத்தமாக வாசித்தாள்.

"உங்களோடு எழுதிய எமில் பேசாலைக்காரரா? இடது புருவத்தில் வெட்டுக்காயம் இருக்கிறதா? இருந்தால் அவர் என் அண்ணன். வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்படிக்கு, கொன்ஸ்ரன்ரைன்."

எமிலின் கை புருவத்துக்குப் போனது. அந்தத் தம்பி செத்துப்போனான் என்று நம்பி, அவன் மூன்று வருடமாகக் கோயிலில் ஆத்தும பூசை கொடுத்து வருகிறான்.

"பதில் போட்டிட்டீரோ?" எமில் கதிரையை அவள் பக்கம் திருப்பினான்.

"உங்களைக் கேக்காமல் எப்பிடி, சேர்? மூண்டு நாளா அவர் பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிறார்."