நல்ல ரத்தம்

ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள். வேண்டுமென்றுதான்.

குணாளன் முகம் சுளிக்கவில்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். ஒரே நீள மேஜையின் இரண்டு முனைகள். தீபாவளிக்கு முன்னாலிருந்து பேச்சில்லை.

அவள் மாடாய் உழைத்து முடித்த ஆய்வுக் கட்டுரையில், வழிகாட்டியான மேடம் அவன் பெயரை முதலில் போட்டுவிட்டார். இது அவளுடைய வேலை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தொட்ட பேனாவைக்கூட அவள் தொடுவதில்லை.

ரத்தம் மட்டும் வேண்டியிருந்தது.

அங்கே வழக்கம் அதுதான். ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமானவர் ரத்தம் வேண்டுமென்றால், ஆய்வகத்திலேயே யாராவது சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

அவள் தேடுவது, ரத்தத்தில் நோய்க்கிருமியை எதிர்க்கும் டி செல்களில் ஒரு தனி ரகம். மற்ற டி செல்கள் எதிரியைப் புரிந்துகொண்டு கிளம்ப நாளாகும். இவை எப்போதும் தயாராக நிற்பவை. கொரோனாவுக்குப் போட்டது போன்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி உள்ளே போனதும் விழித்துக்கொள்கின்றன. கிருமியை மடக்கும் ஆன்டிபாடியைத் தாமாகச் செய்யத் தெரியாது. செய்யத் தெரிந்த செல்களைத் தட்டி எழுப்பும்.

அவள் ரத்தத்தில் அவை கொஞ்சம்தான். அவனுடையதில் மொய்த்துக் கிடந்தன. அதிலும் அவளுக்கு எரிச்சல்.

சோதனைத் தட்டில் அவன் செல்களைச் சேர்த்தால் ஆன்டிபாடி பொங்கி வந்தது. எடுத்துவிட்டால் சோர்ந்துபோனது. இந்தக் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் என்று மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு முறை செய்து காட்டினால் முடிந்தது.

குழாய் நிரம்பியது. பஞ்சை அவன் கையில் கொடுக்காமல் மேஜையில் போட்டாள்.

அவன் எழுந்து போனான். சட்டை தோளிலிருந்து தொங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தான். அடுத்தவள் உழைப்பைத் தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷமாகவே இருந்தது.

பிற்பகலில், செல்களை இனம் பிரித்து எண்ணும் கருவி திரையில் புள்ளிகளைக் கொட்டியது.

அவனுடைய அந்தச் செல்கள் எப்போதும் மொய்த்துக் கிடக்கும் மூலை காலியாக இருந்தது.

கெடுத்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. கடைசி நேரத்தில் எதையோ விழுங்கிவிட்டு வந்திருக்கிறான், தன்னைக் கவிழ்ப்பதற்கென்றே.

பிறகு, செல்களை அடையாளம் காட்டப் போடும் சாயத்தைச் சந்தேகப்பட்டாள். தன் ரத்தத்தை எடுத்து அதே சாயத்தைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு இருக்கிற கொஞ்சம் அப்படியே இருந்தது.

சாயத்தில் தவறில்லை.

அந்தச் செல்கள் ரத்தத்திலிருந்து குறைய எத்தனையோ காரணங்கள். சில ஒன்றுமில்லாதவை. சிலவற்றைப் படிக்கும்போது பயந்துபோய் அவளே பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள்.

பெல்ட் ஓட்டை நினைவுக்கு வந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம். உறைபெட்டியில் அவனுடைய பழைய செல்கள் ஒரு குப்பி இருந்தன. அதை வைத்தே முடித்துவிடலாம். கணினியில் இன்றைய கோப்பை அழித்தால் கேட்க ஆளில்லை.

சொன்னால், ஆரோக்கியமானவர் ரத்தம் என்று அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்குள்ளாகும். எப்போதிலிருந்து ஆரோக்கியமில்லை என்று கேட்பார்கள். கட்டுரை போய்விடும்.

மறுபடியும் இவனால்.

இவனால், என்று வாய்விட்டே சொன்னாள்.

அவன் மேஜையின் மறுமுனையில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தான். அவள் போய் நின்றாள். அவன் நிமிரவில்லை. ஒரு கையாலேயே பொத்தானைக் கழற்றி, சட்டையை மேலே தள்ளி, கையை நீட்டினான்.

"எவ்ளோ வேணுமோ எடுத்துக்க."

அவன் குரலிலும் வெறுப்புக்குக் குறைவில்லை.

அவள் ஊசி கொண்டுவரவில்லை.

கோபம் தணிந்துவிடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. அதோடேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இளைச்சுக்கிட்டே வர்றே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நீட்டிய கை அப்படியே இருந்தது.