பக்கத்து சீட்டில் யார்?

மனைவி சாந்தினியின் கைப்பேசியில் இரண்டு டிக்கெட்டுகளைப் பார்த்ததும் தயாளனுக்குச் சுருக்கென்றது. ஊரே காத்திருக்கும் அந்தக் கறுப்புக் கோட்டுக் கொலைகாரன் படத்தின் இரண்டாம் பாகம். வியாழக்கிழமை, ஈப்போவில் முதல் காட்சி.

அன்று காலையில்தான், "சனிக்கிழமை போலாமா?" என்று அவளைக் கேட்டிருந்தான். "வெட்டுக்குத்து படமெல்லாம் எனக்கு வேணாம்லா" என்றிருந்தாள்.

அப்படியானால் பக்கத்து சீட் யாருக்கு?

அம்மாவிடம் புலம்பினான். டிரெய்லர் வந்த அன்று சம்பலில் உப்பு கூடிப்போனதற்காக மாமியாரும் மருமகளும் முட்டிக்கொண்டதிலிருந்து இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை.

"உன் பொண்டாட்டி பேச்சை என்கிட்ட எடுக்காதடா. வியாழக்கிழமை எனக்குக் கோயில்ல பஜனை இருக்கு" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை, "செமோர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சாந்தினி காரை எடுத்தாள். தயாளன் பின்தொடர்ந்தான். கார் செமோர் பக்கமே திரும்பவில்லை. நேராகத் தியேட்டரில் போய் நின்றது.

மிச்சமிருந்த ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். இருட்டில் சாந்தினி சிரித்துச் சிரித்துப் பக்கத்து ஆளுக்குப் பாப்கார்ன் நீட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, அச்சு அசலாகக் கதாநாயகன் மாதிரியே! தயாளன் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"அம்மா!"

"கத்தாதடா. முதல் பாகத்துல கடைசியில யாரு சாவுறான்னு, டிக்கெட் எடுக்குறப்பவே எங்ககிட்ட சொன்னவன்தானே நீ?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே!"

சாந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணா வாரோம்னு தெரிஞ்சா நீங்களும் ஒட்டிக்குவீங்க. அதான் டிரெய்லர் வந்த அன்னிக்கே சண்டையை ஆரம்பிச்சிட்டோம்."