திருத்திய பதிப்பு

பதிப்பகம் மூன்றாவது முறையாகக் கைமாறிய அன்று, பள்ளிகளில் பாடமாகவும் இருந்த அதன் வரலாற்று நூல் எல்லோருடைய கைபேசியிலும் தானாகவே திருந்திக்கொண்டது. இருதயராஜோடு சேர்ந்து அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கிய தாமரைச்செல்வியின் பெயர் அதில் இப்போது இல்லை.

அவள் பதிப்பகத்தை வாங்கிய நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எடுத்த இளைஞன் பொறுமையாகத் தேடிப் பார்த்தான்.

"பழைய பதிப்புல இருந்திருக்கலாம் மேடம். திருத்தம் வந்தா பழசு அழிஞ்சிரும்."

"ஆரம்பிச்சவளே சொல்றேனே தம்பி."

"புரியுது மேடம். ஆனா நீங்க சொல்றது சரியான்னு அந்தப் புத்தகத்தை வச்சுத்தான் பாப்பாங்க."

இருதயராஜ் உயிரோடு இல்லை. இனி அச்சுப் பிரதியே வேண்டாம் என்று அந்தக் காலத்தில் முடிவெடுத்தவர்களும் அவர்கள் இருவர்தான்.

மறுநாள் காலை, பள்ளியில் அந்தப் பாடத்தின் தேர்வுக்குக் கிளம்பிய மகள் நிலானி தயங்கி நின்றாள்.

"அம்மா, பதிப்பகத்தைத் தொடங்கினது யாருன்னு கேள்வி வரும். உன் பேரையும் எழுதட்டுமா?"

"எழுதினா?"

"தப்புன்னு போட்டுருவாங்க."

தாமரைச்செல்வி மகளின் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"புத்தகத்துல இருக்கறதையே எழுதும்மா" என்றாள்.